லாஸ்டிக் பாவாடைக்கு வெட்டுக் கணக்கையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் மகளிர் பக்கத்தில், இடுப்புக்கு லாஸ்டிக் வைத்த பாவாடையை வீட்டிலேயே தைப்பது பற்றி ஒரு குறிப்பு வந்தது. எங்கள் லயத்தில், அதுதான் தோட்டத்து வரிசை வீடுகளில், அந்தத் தாள் பல காம்பராக்களுக்குக் கைமாறிப் போனது. அதைப் பார்த்துத் தைத்தவர்களில் இரண்டு பேர், லாஸ்டிக் உள்ளே போக மாட்டேன் என்கிறது என்று துணியையும் தாளையும் சேர்த்து என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதனால்தான் எழுதுகிறேன். நல்ல விஷயத்தைத் தொட்டிருக்கிறீர்கள், ஆனால் பாதியில் விட்டிருக்கிறீர்கள். தைப்பதைச் சொல்லியிருக்கிறீர்கள், வெட்டுவதைச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் பலருக்கும் தெரியாதது வெட்டுதான்.

நான் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பாடசாலை முடிந்ததும் கட்டுநாயக்கவுக்குக் காமன்ட் (ஆடைத் தொழிற்சாலை) வேலைக்குப் போனவள். 1978இல் அங்கே சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. 1992இல் இருநூறு ஆடைத் தொழிற்சாலைகள் என்று அரசாங்கம் தொடங்கிய திட்டத்தில் வெளியூர்களிலும் காமன்ட்கள் முளைத்தன. தோட்டத்தில் கூடை சுமக்க வேண்டாம் என்று எங்களைப் போன்ற பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்த வழியில் போனோம். கல்யாணம், பிள்ளை, அம்மாவின் சுகவீனம் என்று ஏதோ ஒரு காரணத்தில் பாதிப் பேர் திரும்பியும் வந்தோம். இன்றைக்கு எந்தத் தோட்டத்தில் விசாரித்தாலும் மெஷினில் நேர்க்கோடு பிசகாமல் ஓட்டத் தெரிந்த பெண்கள் இருப்பார்கள். அந்தக் கை தோட்டத்தில் சும்மா கிடக்கிறது.

ஏன் சும்மா கிடக்கிறது என்று கேட்பீர்கள். காமன்ட்டில் ஒருத்திக்கு ஒரு வேலைதான். எனக்குக் கிடைத்தது கன்சாய் மெஷின். வரிசையாக ஊசிகள் பொருத்திய அந்த மெஷினில் காற்சட்டை இடுப்புக்கு லாஸ்டிக் பிடிப்பது மட்டும்தான் என் பொறுப்பு. டார்கெட் முடியும்வரை இடுப்பு, இடுப்பு, இடுப்பு. எனக்கு முன்னால் இருந்தவள் பக்கத் தையல், பின்னால் இருந்தவள் அடிமடிப்பு. வெட்டும் பகுதி வேறு கட்டடத்தில். துண்டுகள் நம்பர் ஒட்டி, கட்டுக் கட்டாக எங்கள் மேசைக்கு வரும். முழு உடுப்பு எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க எங்களுக்கு நேரமும் இல்லை, யாரும் காட்டவும் இல்லை.

நான் ஊருக்கு வந்த புதிதில் பக்கத்துக் காம்பரா அக்கா ஒரு துணியைக் கொண்டுவந்து, "நீதான் காமன்ட்ல இருந்தவளாச்சே, இதுல எனக்கு ஒரு பாவாடை வெட்டிக் குடு பிள்ள" என்றார். உலகத்தின் எந்த மூலையிலோ யார் யாரோ போட்டுத் திரியும் காற்சட்டைகளுக்கு இடுப்பு வைத்தவள் நான். அந்த இரண்டு யார் துணியின் முன்னால் எனக்குக் கத்தரிக்கோல் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பிறகு டவுனில் ஒரு வயதான டெய்லர் ஐயா கடையில் பித்தான் கட்டிக் கொடுக்கும் சாட்டில் உட்கார்ந்து, அவர் கையைப் பார்த்துப் பார்த்துத்தான் வெட்டுப் பிடித்தேன். எல்லோருக்கும் அப்படி ஓர் ஐயா கிடைக்க மாட்டார். பத்திரிகை கிடைக்கும்.

சரி, கணக்குக்கு வருகிறேன். இடுப்பு 32 அங்குலம், பிட்டம் 40 அங்குலம், பாவாடை நீளம் 32 அங்குலம் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். தங்கள் குறிப்பில் இடுப்பளவை வைத்துத் துணி அகலம் சொல்லியிருந்தது. அது சரிவராது. லாஸ்டிக் பாவாடைக்குச் சிப்பும் இல்லை, ஹூக்கும் இல்லை. பிட்டத்தைத் தாண்டித்தான் அது ஏற வேண்டும். ஆகவே கணக்கு எப்போதும் பிட்ட அளவிலிருந்து தொடங்க வேண்டும். சுருக்கு ஓரளவு விழ வேண்டுமானால் பிட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு துணி போதும். 40க்கு 60 வருகிறது. கடையில் 60 அங்குல அகலத் துணி கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். அதில் ஒரு மீற்றர் வாங்கி, அகலத்தை அப்படியே சுற்றிவிட்டு, பின்பக்கம் ஒரே ஒரு தையல் போட்டால் உடம்பு முடிந்தது. அந்தத் தையல் துணியின் சொந்தக் கரையில் விழுவதால் நூல் பிரியாது, விளிம்பைச் சுற்றித் தைக்கும் ஓவர்லொக்கும் தேவைப்படாது.

நீளத்துக்கு 32, மேலே லாஸ்டிக் மடிப்புக்கு 1¾, கீழே அடிமடிப்புக்கு 2. மொத்தம் 35¾. ஒரு மீற்றர் என்பது 39 அங்குலத்துக்கும் கொஞ்சம் கூட. அந்த மிச்சம் துணி சுருங்குவதற்கு. கொட்டன் துணியை வெட்டுவதற்கு முன்னால் ஒருமுறை நனைத்துக் காயவைத்தே ஆக வேண்டும். நனைக்காமல் தைத்து, முதல் கழுவலில் பாவாடை முழங்காலை நோக்கி ஏறினால் தையல்காரியைத்தான் ஏசுவார்கள்.

36 அங்குல அகலச் சீத்தைத் துணியானால் இரண்டு மீற்றர் வாங்கி, இரண்டு துண்டாக்கி, இரண்டு பக்கமும் தைக்க வேண்டும். சுருக்கு கொஞ்சம் கூடும், பரவாயில்லை. 45 அங்குல அகலமானாலும் இரண்டு மீற்றர்தான். ஒவ்வொரு துண்டிலும் 30 அங்குலம் எடுத்தால் போதும். மிச்சமாகும் 15 அங்குலக் கீற்று இரண்டையும் சேர்த்தால் நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு பாவாடை வந்துவிடும். இதை நான் சொன்னதும் எங்கள் லயத்தில் எல்லோரும் 45 அங்குலத் துணி தேடத் தொடங்கிவிட்டார்கள்.

இனி அந்த லாஸ்டிக் உள்ளே போகாத கதை. ஓர் அங்குல லாஸ்டிக்குக்கு ஓர் அங்குல மடிப்பு என்று குறிப்பில் இருந்தது. துணிக்குத் தடிப்பு உண்டு, தையலும் கொஞ்சம் இடம் பிடிக்கும். முதலில் அரை அங்குலம் உள்ளே மடித்து, பிறகு 1¼ அங்குலம் மடித்து, மடிப்பின் கீழ் விளிம்பை ஒட்டி ஓட்ட வேண்டும். அப்போது லாஸ்டிக் வழுக்கிக்கொண்டு போகும். அதற்காக ஒன்றரை, இரண்டு அங்குலம் என்று தாராளமாகவும் விடக்கூடாது. உள்ளே இடம் கூடினால் லாஸ்டிக் புரண்டு கயிறு மாதிரி உருண்டுகொள்ளும்.

லாஸ்டிக்கின் நீளம் இடுப்பை விட இரண்டு அங்குலம் குறைவு, பொருத்துவதற்கு ஒன்று கூட. 32க்கு 31 வெட்டலாம். ஆனால் இது கைக்கணக்கு. லாஸ்டிக்கு லாஸ்டிக் இழுவை மாறும். வெட்டுவதற்கு முன் இடுப்பில் சுற்றி, குனிந்து நிமிர்ந்து பாருங்கள். கடையில் வாங்கும்போதும் ஒரு சாண் நீளத்தை இரண்டு மடங்காக இழுத்து விடுங்கள், பழைய அளவுக்குத் திரும்புகிறதா என்று தெரியும். இழுக்கும்போது அகலம் ஒடுங்கும் பின்னல் லாஸ்டிக் மலிவு. அதை மடிப்புக்குள்ளே கோர்க்கலாம், ஆனால் மேலே தையல் ஓட்டினால் ஊசி உள்ளிருக்கும் ரப்பர் இழையைக் குத்தித் தளர்த்திவிடும். இழுத்தாலும் அகலம் ஒடுங்காத நெய்த லாஸ்டிக் விலை கூட, இடுப்பில் புரளாமல் நிற்கும். கொஞ்சம் காசு கூடினாலும் அதையே வாங்குங்கள்.

லாஸ்டிக்கைக் கோர்த்து, இரண்டு முனைகளையும் ஓர் அங்குலம் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, சதுரமாகத் தையல் போட்டு, நடுவில் குறுக்கும் ஒன்று போடுங்கள். ஒற்றைக் கோட்டில் நிறுத்தினால் ஒரு நாள் கொழுந்து மலை உச்சியில் வைத்து விட்டுப்போகும். அப்புறம் பக்கத் தையல் இருக்கும் இடத்தில், மடிப்பின் மேலிருந்து கீழாக ஒரு சின்னத் தையல். சுருக்கு ஒரே பக்கம் போய்க் குவியாமல் அது பிடித்துக்கொள்ளும். பின்னல் லாஸ்டிக்குக்கு இந்தத் தையல் வேண்டாம்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். எங்கள் ஊருக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. எந்தத் தையல் குறிப்பிலும் நான் அதைக் கண்டதில்லை.

மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவத்தில், மஸ்கெலியா, நோர்வூட், ஹட்டன் பக்கம் வெயிலைக் காண்பது அரிது. துணி கொடியில் நாட்கணக்காகக் கிடந்து பூஞ்சண வாடை அடிக்கும். அதே மாதங்களில் ஊவாப் பக்கம் நல்ல வெயில், பதுளையிலிருக்கும் என் நாத்தனார் இதைப் படித்தால் சிரிப்பார். அவர்களுக்கு மழை வருட முடிவில்தான். நாங்கள் என்ன செய்வோம்? விறகடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் பாவாடையைத் தொங்கவிடுவோம். பாவாடையில் கடைசியாகக் காய்வது இடுப்புப் பட்டி, துணி மடிப்பும் லாஸ்டிக்கும் சேர்ந்த இடம். ஆகவே அந்தப் பட்டியைத்தான் நெருப்புக்குப் பக்கமாகப் பிடித்துப் போடுவோம். சூடு பட்டுப் பட்டு ரப்பர் செத்துப்போகும். துணிக்கு ஒன்றுமே ஆகியிருக்காது, இடுப்பு மட்டும் நழுவும். புதுப் பாவாடையை ஊக்குக் குத்திக் கட்டிக்கொண்டு மலைக்குப் போகும் பெண்களை எங்கள் தோட்டத்தில் தினமும் பார்க்கலாம். தையல் குறிப்புகளோ, லாஸ்டிக் கோர்த்த பின், அதை நுழைத்த வாயை மூடித் தைத்துவிடச் சொல்கின்றன. மூடினால் மாற்ற வேண்டிய நாளில் பிரிக்க வேண்டும், பிரித்தால் துணி கிழியும், ஆகவே யாரும் மாற்றுவதில்லை.

அந்த வாயை மூடாதீர்கள். வழி எளிது. பின்பக்கத் தையலைப் போடும்போது மேல் விளிம்பிலிருந்து அரை அங்குலம் தையுங்கள், நிறுத்துங்கள். ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக விட்டுவிட்டு, மறுபடி தொடங்கிக் கீழ்வரை போங்கள். நிறுத்திய இடத்திலும் தொடங்கிய இடத்திலும் முன்னும் பின்னுமாக ஓட்டிப் பலப்படுத்துங்கள். தையலை விரித்து இஸ்திரிப் பெட்டி போட்டு, இரண்டு கரையையும் பக்கத்துக்குப் பக்கம் படியத் தைத்துவிடுங்கள். பிறகு நான் சொன்ன அளவில் மடித்தால் அந்த இடைவெளி உள்பக்கத்தில், யாருக்கும் தெரியாமல் வந்து நிற்கும். மடிப்பைச் சுற்றி முழுவதும் தைத்து முடித்த பிறகு, லாஸ்டிக்கை ஊக்கில் மாட்டி அந்த வழியாகக் கோர்த்துவிடுங்கள். இப்படிச் செய்தால் பக்கத்தில் போடச் சொன்ன சின்னத் தையல் வேண்டாம், அது இருந்தால் லாஸ்டிக்கை உருவ முடியாது. அதன் வேலையை இறுக்கமான மடிப்பே பார்த்துக்கொள்ளும். இரண்டு துண்டுப் பாவாடையானால் ஒரு பக்கத் தையலில் இதே இடைவெளியை விடுங்கள்.

லாஸ்டிக் செத்தால் புதிது வாங்கி, பழையதன் முனையில் குத்திக் கட்டி இழுத்தால் அது போய் இது வந்துவிடும். இதில் இன்னொரு வசதியும் உண்டு. வயிற்றில் பிள்ளை இருக்கும் மாதங்களில் லாஸ்டிக்கை நீளமாக மாற்றிக்கொள்ளலாம், பிறந்த பிறகு பழைய அளவுக்கு வரலாம். கிளினிக் போக என்று தனியாகச் சட்டை வாங்கும் செலவு மிச்சம். நான் வெட்டிக் கொடுக்கும் பாவாடை எல்லாவற்றிலும் இந்த வாய் இருக்கும், கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

மலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. கொழுந்து எடுக்கும் பெண்கள் பாவாடைக்கு மேலே படங்கு என்ற தடித்த விரிப்பைச் சுற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். செடி குத்தாமல் இருக்க, பனியில் நனையாமல் இருக்க அது வேண்டும். அந்தக் கயிற்றுக்குக் கீழே ஒன்றரை மடங்குச் சுருக்கு இருந்தால் இடுப்பைச் சுற்றித் தழும்பு விழும். மத்தியானம் கொழுந்து நிறுவைக்கு வரும்போது இடுப்பைத் தடவிக்கொண்டே வருவார்கள். அவர்களுக்குச் சுருக்கைக் குறைத்து வெட்ட வேண்டும். மேலே பிட்டத்தை விட நாலு அங்குலம் மட்டும் கூட்டி, கீழே விரித்துவிடலாம். நாம் எடுத்துக்கொண்ட ஆளுக்கு ஒவ்வொரு துண்டும் மேலே 23 அங்குலம், கீழே 29 அங்குலம். தையலுக்கான அரை அரை அங்குலமும் அதற்குள்ளே அடங்கும். இரண்டு துண்டும் 60 அங்குலத் துணியில் பக்கம் பக்கமாக அடங்கிவிடும், அதே ஒரு மீற்றர்தான். விரித்து வெட்டும்போது கீழே பக்கத் தையலருகில் அரை அங்குலம் மேலே ஏற்றி வளைத்து வெட்ட மறக்கக்கூடாது. நேராக வெட்டினால் இரண்டு பக்கமும் வாலாகத் தொங்கும்.

இந்த வெட்டில் துணியின் சொந்தக் கரை தையலில் வராது, வெட்டிய விளிம்பு பிரியும். ஓவர்லொக் இல்லாதவர்கள், லாஸ்டிக் வாய் வரும் பக்கத்தில் விளிம்பை மடித்துத் தைத்துவிட்டுச் சாதாரணத் தையல் போடுங்கள். மற்றப் பக்கத்தில் துணியின் உள்முகம் இரண்டும் ஒட்டும்படி வைத்துக் கால் அங்குலத்தில் ஒரு தையல், கரையைக் கொஞ்சம் நறுக்கிவிட்டு, திருப்பி, வெளிமுகம் ஒட்டும்படி வைத்து இன்னொரு தையல். பிரிந்த நூல் உள்ளே அடைபட்டுவிடும். பாட்டி காலத்துக் கறுப்பு சிங்கர் கை மெஷினிலும் இதைச் செய்யலாம். 1877 முதல் சிங்கர் இந்த நாட்டில் விற்கிறது என்பார்கள். எங்கள் பக்கத்தில் சில வீடுகளில் இருக்கும் மெஷினைப் பார்த்தால் முதல் கப்பலில் வந்ததோ என்று தோன்றும். எண்ணெய் விட்டால் ஓடுகிறது, அவ்வளவுதான் வேண்டும்.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், கொழுந்துக் கறை போகாது என்பது எல்லோருக்கும் தெரியும். அடர்ந்த நிறம் எடுங்கள். பாடசாலைச் சீருடைக்கு இந்த முறை உதவாது, அங்கே கேட்கும் மடிப்பு வேறு. அரசாங்கம் துணி இலவசமாகக் கொடுத்தாலும் தையற்கூலி பெற்றோரின் தலையில்தான். அதன் வெட்டையும் ஒரு வாரம் போட்டால் ஜனவரி மாதத்தில் உங்களை வாழ்த்தாத தாய் இருக்க மாட்டாள்.

ஆசிரியர் அவர்களே, இவ்வளவையும் நான் எழுதியதற்குக் காரணம் ஒன்றுதான். மகளிர் பக்கத்தில் வாரம் ஒரு வெட்டு போடுங்கள். பாவாடைக்கு அடுத்து பிள்ளைச் சட்டை, அதற்கு அடுத்து உள்பாவாடை, அப்புறம் ஜாக்கெட். ஜாக்கெட்டை முதலில் போட்டுவிடாதீர்கள், கைக்குழி வளைவைப் பார்த்தே பாதிப் பேர் பயந்து போவார்கள். அளவுகளை அங்குலத்தில் தாருங்கள், எங்கள் வீடுகளில் இருக்கும் பழைய நாடாக்களில் சென்ரிமீற்றர்ப் பக்கம் அழிந்து கிடக்கிறது. ஓர் ஆளின் அளவை மட்டும் போட்டுவிட்டு நிறுத்தாமல், 28, 32, 36, 40 என்று இடுப்பளவுக்கு ஏற்றபடி ஒரு சின்ன அட்டவணையும் கொடுங்கள். கூட்டிக் கழிக்கத் தெரியாதவர்கள் இல்லை, ஆனால் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது யாருக்கும் பிடிக்காது.

போன முறை பாதிப் பக்கத்துக்கு ஒரு பெண் பாவாடை கட்டிக்கொண்டு பூந்தோட்டத்தில் நிற்கும் வண்ணப் படம் போட்டிருந்தீர்கள். அழகாகத்தான் இருந்தது. அடுத்த முறை அந்த இடத்தில் கோட்டுப் படம் போடுங்கள்: துணியை எப்படி மடித்து விரிப்பது, எந்தக் கோட்டில் வெட்டுவது, எந்தப் பக்கம் கரை என்று அம்புக்குறியோடு. மடிப்பு, இடைவெளி, லாஸ்டிக் கோர்க்கும் வாய் ஆகிய மூன்றையும் பக்கவாட்டில் பெரிதாகக் காட்டுங்கள். படம் வரைபவருக்குச் சந்தேகம் இருந்தால், தைத்த பாவாடை ஒன்றை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி அனுப்பி வைக்கிறேன். அதைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி,
மஸ்கெலியா.